போன வருஷத்து எண்பது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்காலும் மற்றவையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்துப் பதினொரு நாள் ஆகிறது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. என் உடல்நலம்.
2. அக்டோபர் பதினான்காம் தேதி, என் எண்பதாவது பிறந்தநாளுக்கு, உன் வீட்டுக்கு நான் ஏன் வர இயலாது என்பது.
3. சின்னச் சின்ன சந்தோஷங்களை அனுபவிக்கச் சொல்லி நீ எழுதியதற்குப் பதில்.
4. ஒரு வேண்டுகோள்.

ஒன்று. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இடது காது மட்டும் முன்பைவிட மந்தம். டாக்டர், "இந்த உடம்புக்குப் பரிசே கொடுக்கலாம் சார்" என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இரண்டு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெரியப்பா இறந்தபோது அவருக்கு எழுபத்தொன்பது வருடம் நான்கு மாதம். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வருடம் பத்து மாதம். அண்ணனுக்கு எழுபத்தொன்பது வருடம் பதினொரு மாதம். அழைப்பிதழ் அடித்து, உறைகளில் முகவரி கூட எழுதி வைத்திருந்தார். நம் வீட்டு ஆண்கள் எவரும் எண்பதைத் தொட்டதில்லை. மூன்று பேரை வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். மூன்று முறை நிறுத்து, மூன்று முறையும் முள் ஒரே இடத்தில் நின்றால், தராசை நம்பித்தான் பழக்கம். இந்த நிலையில் ஆறு மணி நேரக் கப்பல் பயணத்துக்கு ஒப்புக்கொண்டு, நடுக்கடலில் ஏதாவது ஆனால், மற்ற பயணிகளுக்கு எவ்வளவு தொந்தரவு?

மகளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று அலமாரிகளில் எதில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டிவிட்டேன். சோப்பு ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறேன். இந்தக் குளிர் முடியப்போகிறது, அடுத்த குளிருக்குத் தேவைப்படாது என்பதால் என் கம்பளிக் கோட்டைக் கீழே இருக்கும் காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன். செருப்பு அக்டோபர் வரை தாங்கும்.

மூன்று. சந்தோஷத்தை அனுபவிக்க, அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று கவலைப்படாத துணிச்சல் வேண்டும். அது அண்ணனிடம் இருந்தது. உன்னிடம் இருக்கிறது. என்னிடம் பிறவியிலேயே இல்லை.

நான்கு. அந்த நாளுக்கு எந்த ஏற்பாடும் செய்யாதே.

நீளத்துக்கு மன்னிக்கவும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

* * *

பிப்ரவரி 19

அன்புச் சுண்டுவுக்கு,

அக்கா நன்றாகத்தான் இருக்கிறேன். மழை வருமா வராதா என்று என் முழங்கால் சொல்லிவிடுகிறது, வானொலியைவிட நம்பகமாக.

உன் நாலு பாயிண்டையும் கீழ்வீட்டுத் தையல்காரியிடம் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி எழுதினது கடிதமா, உயிலா?" என்று கேட்டாள். அவளிடம் நீ கோட்டைக் கொடுத்த கதையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தைத்துப் பிழைப்பவள்; நல்ல கம்பளி என்றால் அவளுக்கு உயிர். பிள்ளையைத் தத்துக் கொடுத்ததுபோல வருத்தப்பட்டாள்.

போனில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள் உன் மகள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். எனக்குப் போதும். உனக்கோ ஒரு காது மந்தம், இன்னொன்றில் நீ சந்தேகம் தவிர வேறெதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே எழுது.

சரி, நீ வர வேண்டாம். நான் ஏற்பாடும் செய்யவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. இனி நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சந்தோஷமாவது இருக்க வேண்டும். சின்னதுதான். துணிச்சல் தேவையில்லாதது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் செய்யக்கூடியதாக இருந்தாலும் சரி. இன்று என்னுடையது: மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அது அழுத்திய இடத்தை இரண்டு விரலால் இரண்டு நிமிஷம் தேய்த்தேன். அவ்வளவுதான்.

உன்னை விட்டால் என்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லை. மற்றவர்களுக்கெல்லாம் நான் பாட்டி. அதற்காகவாவது எழுது.

அக்கா

* * *

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அவ்வாறே என்று கொள்கிறேன்.

நிபந்தனையை ஒரு வாரம் யோசித்தேன். தகுதியுள்ளதாக எதுவும் தென்படவில்லை. கீழே இருப்பவை கணக்கில் சேருமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சமையலறை ஜன்னல் வழியாகக் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வெயில் உள்ளே வருகிறது. பத்து முப்பத்தைந்துக்குப் போய்விடுகிறது. இருபத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன்; நாற்காலி எப்போதும் வெயிலுக்கு இரண்டு முழம் தள்ளியே இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதை நகர்த்தி, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்தினேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தோன்றியது. பார்ப்பவர்கள் எவரும் இல்லை என்பதும் பிறகு தோன்றியது.

வியாழக்கிழமை பென்சில் சீவும்போது சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. அதைக் குப்பையில் போட மனமில்லாமல் மேசையில் வைத்திருக்கிறேன். இதைச் சந்தோஷம் என்று சொல்லலாமா, வயோதிகம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

காவலாளிக்குக் கோட்டு என்னைவிட நன்றாகப் பொருந்துகிறது. தினமும் காலை அவர் எழுந்து வணக்கம் சொல்லும்போது, என் கோட்டே எனக்கு வணக்கம் வைப்பதுபோல் இருக்கிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் தம்பி

* * *

மார்ச் 28

சுண்டு,

சேரும். இரண்டுமே சேரும். அந்தச் சுருளை அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு, தையல்காரி பார்க்க வேண்டுமாம்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே சுற்றினால் எப்படி? வெயில் உன் சமையலறைக்கு மட்டுமா வருகிறது? வெளியே போ. தெருவில் ஒன்று, ஊரில் ஒன்று. என்னுடையது: நேற்று பழக்கடைக்காரரிடம் ஆரஞ்சு வாங்கினேன். எடை போட்டு முடித்தபின் நான் முறைத்த முறைப்பில் ஒன்றை எடுத்துக் கூடப் போட்டார். "என் தம்பி எடை ஆய்வாளர்" என்று சொன்னதும் இன்னொன்று போட்டார். பார், இருநூறு மைலுக்கு அப்பாலிருந்தும் நீ ஊரைப் பயமுறுத்திக்கொண்டுதான் இருக்கிறாய். உன்னைப் பார்த்தால் பயப்படுகிறவர்கள் உண்டு என்று உனக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

சளி பிடித்திருந்தது, போய்விட்டது. வேறு விசேஷமில்லை.

அக்கா

* * *

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சளி முழுவதுமாகப் போனதா? சுருள் இத்துடன் இருக்கிறது. வழியில் நொறுங்கினால் நான் பொறுப்பல்ல.

வெளியே போனேன். முடிதிருத்தும் கடையில் எப்போதும் நான் "சீக்கிரம் முடியுங்கள்" என்பேன். இம்முறை அவர், "சூடா ஒரு துண்டு போடட்டுமா சார்?" என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், உன் நிபந்தனை ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன். வெந்நீரில் பிழிந்த துண்டை முகம் முழுக்கப் போர்த்தி, மூக்குக்கு மட்டும் வழி விட்டார். உள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. பதினைந்து வருடமாக அந்தத் துண்டு அங்கேயேதான் இருந்திருக்கிறது.

திரும்பி வரும்போது மாடிப் பேருந்து. எப்போதும் கீழே, கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். விபத்து நடந்தால் இறங்க வசதி. அன்று படி ஏறி, மேல்தட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தேன். வண்டி திரும்பும் ஒவ்வொரு முனையிலும் நானே திருப்புவதுபோல் இருந்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரசின. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். வேண்டுமென்றேதான். இதை வேறு எவரிடமும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. நான் பிறந்தது எத்தனை மணிக்கு? அப்போது உனக்கு ஏழு வயது, ஞாபகம் இருக்கக்கூடும். கேட்பதன் காரணம் இதுதான். அக்டோபர் பதினான்கு என்பது இருபத்து நான்கு மணி நேரம். எந்த நிமிடத்தில் எல்லையைக் கடக்கிறேன், அல்லது கடக்காமல் போகிறேன், என்று தெரிந்தால் மற்ற நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

உன் தம்பி

* * *

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கேள்வி ஏதேனும் வருத்தியிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வரி போதும்.

உன் தம்பி

(இன்று காலை தெருமுனை ரயில்வே கேட்டில் நின்று ஒரு ரயில் ஓட்டுநருக்குக் கையசைத்தேன். அவரும் அசைத்தார்.)

* * *

ஜூன் 21

அன்புச் சுண்டுவுக்கு,

உயிரோடு, சுகமாக, சோம்பேறியாக இருக்கிறேன். பயப்படாதே. எழுதினேன், கிழித்தேன், எழுதினேன், கிழித்தேன். பால்கனிச் செடிகளை மாற்றி வைத்தேன். தையல்காரிக்கு ஊசி கோத்துக் கொடுத்தேன். உனக்குப் பதில் எழுதாமல் இருக்க எவ்வளவு வேலை இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ரயில் ஓட்டுநருக்கா கையசைத்தாய்? நீயா? அந்த வரியை நாலு முறை படித்தேன்.

நேரம் கேட்டாய். கடிகாரத்தை யார் பார்த்தார்கள்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று உங்கள் ஊரில் முதல் டிராம் ஓடிய நாள். வீட்டில் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டதால், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டிராம் பார்க்கப் போனார். ஆறு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது லேசில்லை, "கீழ இறங்குறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் மாட்டேன் என்றேன். கூட்டத்தில் யாரோ இடித்து என் இடது பக்கத்து ரிப்பன் போய்விட்டது. ஒரு பக்கம் ரிப்பன், ஒரு பக்கம் விரித்த முடியாக வீட்டுக்கு வந்தேன். நீ துண்டில் சுற்றிப் படுத்திருந்தாய். யாரோ திட்டிவிட்டதுபோல ஒரு முகம். நான் கையை நீட்டினேன், விரலைப் பிடித்துக்கொண்டாய். ரிப்பன் போனதற்கு அம்மா திட்ட மறந்துவிட்டாள். மாலையாக இருக்கும், வெயில் சாய்ந்திருந்தது.

இதுதான் எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். வேறு எதுவும் இன்று எழுத வரவில்லை.

அக்கா

* * *

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான் என்று நினைக்கிறேன். இக்கடிதத்தைச் சற்று நிதானமாகப் படி.

உன் டிராம் கதையைப் படித்ததும், நான் பிறந்த நாளின் செய்தித்தாளைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இவ்வருடச் சந்தோஷங்களில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று நூலகத்துக்குப் போனேன். நூலகர் அம்மாள் என் பிறந்த வருடத்தின் அக்டோபர் மாதத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தார். டிராம் இல்லை. பதினான்காம் தேதி இல்லை, அந்த மாதத்திலேயே இல்லை. பதினேழாம் தேதியில், டிராம் பெட்டிகள் மழையில் ஒழுகுவதாக ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். அதாவது, டிராம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் ஞாபகம் பிசகியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, பிசகியது என் கண்ணாக இருக்கலாம் என்று இன்னொரு முறை பார்த்தேன். நூலகர் அம்மாள், "எதைத் தேடுறீங்க சார்?" என்று கேட்டார். "முதல் டிராம்" என்றேன். அட்டவணையைப் புரட்டி, "இதுக்கு முந்தின வருஷம், இதே தேதி" என்று இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

அக்டோபர் பதினைந்து. முதல் பக்கம். "முதல் டிராம் நேற்று ஓடியது." மேலே பெரிய படம். டிராமைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்தின் வலது ஓரத்தில் தொப்பி போட்ட ஒருவர். அவர் தோளில் ஒரு பெண் குழந்தை. முகம் டிராம் பக்கம் திரும்பியிருக்கிறது. தலையின் வலது பக்கத்தில் ரிப்பன் இருக்கிறது. இடது பக்கத்தில் இல்லை.

பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். போன திங்கட்கிழமை மூன்றாவது முறை பார்த்தேன். மூன்று முறையும் ரிப்பன் ஒன்றுதான்.

இன்னொன்று. அன்று உனக்கு ஆறு வயது என்று எழுதியிருக்கிறாய். என் கணக்கில் நீ என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஒரு வருடம் எங்கேயோ போயிருக்கிறது.

பிழை என் பக்கமே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்கே என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

உன் தம்பி

* * *

ஜூலை 27

சுண்டு,

நலமா என்று கேட்க இன்று வாய் வரவில்லை. உன் கடிதம் காலையில் வந்தது, மத்தியானமே எழுதுகிறேன், கிழிப்பதற்குள் தையல்காரி தபாலில் போட்டுவிடுவாள்.

டிராம் சரி. ரிப்பன் சரி. என் ஆறு வயசும் சரி. உன் வருஷம்தான் தவறு. அதைத் தவறாக்கியவள் நான்.

உன்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனது அப்பா இல்லை. அப்பாவுக்கு அன்று வேலை, அம்மாவுக்குக் காய்ச்சல். "அந்த அழுமூஞ்சிய நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று அண்ணன் ஓடிவிட்டான். எனக்குப் பன்னிரண்டு வயசு, உனக்கு ஆறு முடிந்திருந்தது. வழி முழுக்க என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாய்: "நீயும் உள்ள இருப்பியா?" இருப்பேன் என்றேன்.

தலைமையாசிரியர் அறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆறு முடிந்த பிள்ளைகளுக்குத் தெருவுக்கு அந்தப் பக்கக் கட்டடம், பிற்பகல் வகுப்பு. ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு, எங்கள் வகுப்புக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "பிறந்த தேதி?" என்றார். தேதியைச் சரியாகச் சொன்னேன். மாதத்தைச் சரியாகச் சொன்னேன். வருஷம் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். நீ சுண்டைக்காய் அளவுதான் இருந்தாய், அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த வருஷம் முழுக்க நான் பலகையில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து நீ இரண்டு தட்டுவாய். பிறகு உன் அழுகை நின்றுவிடும். ஞாபகம் இருக்கிறதா?

மதிப்பெண் அட்டை வந்தபோது அதில் இருந்த பிறந்த வருஷத்தை அப்பா பார்த்துவிட்டார். என்னை உட்காரவைத்துக் கேட்டார், சொன்னேன். "இப்போ போய் மாத்தினா அவனை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பிடுவாங்க. இருக்கட்டும்" என்றார். இருந்துவிட்டது. அண்ணன் தன் வயசைத் தவிர யார் வயசையும் கவனித்தவன் இல்லை. அப்பா அம்மா போன பிறகு இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம் என்று நினைப்பேன். ஊரில் எல்லோர் தராசிலும் பொய்யைப் பிடிக்கிறவனிடம் போய், உன்னைப் பற்றி எழுதிய முதல் எழுத்தே பொய் என்று எப்படிச் சொல்வது?

போன அக்டோபர் பதினான்காம் தேதி நீ எண்பதைத் தாண்டினாய், சுண்டு. பெரியப்பா, அப்பா, அண்ணன் யாராலும் முடியாததை நீ செய்தாய். அன்று பால்கனியில் நின்று நான் மட்டும் கை தட்டினேன். "கொசுவா பாட்டி?" என்று கீழிருந்து கேட்டாள் தையல்காரி.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். கை வரவில்லை. அதனால் டிராமை எழுதினேன். நீ நூலகத்துக்குப் போவாய் என்று தெரிந்துதான் எழுதினேன். நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாதவள் செய்கிற வேலை. துணிச்சல் உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது அடித்துவிடு.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

* * *

செப்டம்பர் 4

சுண்டு,

ஐந்து வாரமாகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார். ஒரு வரி.

அக்கா

* * *

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நன்றாகவே இருக்கிறேன். தபால்காரர் தலை நிமிரட்டும்.

தாமதத்துக்குக் காரணம் கோபம் அல்ல. உன் கடிதம் வந்த அன்று, சமையலறை வெயில் போன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்தத் தராசையும் சோதிக்கும் முன், தட்டில் எதையும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் முதல் விதி. முப்பத்தாறு வருடம் எல்லோருக்கும் அதைச் சொன்னவன், என் முள் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்கவே இல்லை.

பிறகு பயம் வந்தது. எனக்கு வராமல் இருக்குமா? ஓய்வு பெற வேண்டிய நாளுக்குப் பின்னும் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் நான் முத்திரை வைத்த தராசுகள் செல்லுமா? துறைக்கு மூன்று பக்க விளக்கம் எழுதி, மகள் வந்தபோது படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு ஒரு காது மந்தமான எனக்கே அதிகம். "அப்பா, அந்தத் தராசெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். நீங்க பயந்துட்டே இருந்த பரீட்சையில போன வருஷமே பாஸ் பண்ணிட்டீங்க. அதப் பாருங்க முதல்ல" என்றாள். அலமாரிகளில் நான் ஒட்டிய சீட்டுகளை இருவருமாக வெந்நீர் தொட்டுக் கிழித்தோம். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு டஜன் சோப்பு கேட்டேன். கடைக்காரர், "விருந்தாளி யாராவது வராங்களா சார்?" என்றார். "இல்லை. நான்தான் இருக்கப் போறேன்" என்றேன். சற்றுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காவலாளிக்கு எப்படியோ செய்தி எட்டியிருக்கிறது. கோட்டை மடித்து எடுத்து வந்து, "குளிர் வரப்போகுதே, நீங்களே வச்சுக்குங்க ஐயா" என்று நீட்டினார். "அது உங்களுக்குத்தான். நான் புதுசு வாங்கறேன்" என்றேன். வாங்கினேன். கரும்பழுப்பு, உள்ளே பட்டுத்துணி, கை கொஞ்சம் நீளம். இருபது வருடம் உழைக்கும் என்றார் கடைக்காரர். நான் மறுத்துப் பேசவில்லை. கையை மட்டும் உன் தையல்காரி குறுக்கித் தர வேண்டும்.

ஆம். அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மேல்தளம், முன்வரிசை, ஜன்னல் ஓரம். சீட்டு கொடுத்தவர், "அலை அதிகமா தெரியுமே சார், பரவாயில்லையா?" என்று கேட்டார். தெரியட்டும் என்றேன். வெளியே வந்ததும் சட்டைப்பையில் சீட்டைத் தேடினேன். சீட்டு கையில்தான் இருந்தது. மாலை ஐந்துக்குள் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் வாசலில் அழைப்பு மணி இருப்பது தெரியும். நான் அதை அழுத்தப் போவதில்லை. கதவில் இரண்டு தட்டு கேட்டால், உள்ளிருந்து நீயும் இரண்டு தட்டிவிட்டுத் திற. அந்தப் பலகை எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு அடுத்த அறைக்கு நான் எப்படி வந்தேன் என்பது மட்டும்தான் இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது. நன்றி என்று எழுதினால் சிரிப்பாய். நேரில் சொல்கிறேன்.

கடைசியாக, பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதத்தின் நகலை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். நான்கு குறிப்புகள். முதலாவது, என் உடல்நலம்: சரி. நான்காவது, ஏற்பாடு வேண்டாம் என்ற வேண்டுகோள்: திரும்பப் பெறுகிறேன், ஆரஞ்சு வாங்கி வை, நான் வந்து எடை பார்க்கிறேன். இரண்டாவது, நான் எண்பதைத் தொட மாட்டேன் என்பது: அதில் என் தராசு சரியாகத்தான் இருந்தது, எடைக்கல்தான் தவறு. அதைக் கொடுத்தது நீ. ஆகவே அந்தப் பிழை உன்னுடையது.

மூன்றாவது மட்டும் முழுக்க என்னுடையது. சந்தோஷத்துக்குத் துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இல்லை என்று எழுதியிருந்தேன். போன வருட நாட்குறிப்பில் அக்டோபர் பதினான்கைத் தேடி எடுத்தேன். நான் எண்பதைத் தாண்டிய நாள். என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

"நல்ல வெயில். புதிய பற்பசை, வாசனை பிடித்திருக்கிறது. மேல்மாடிக் குழந்தை படியில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியது. முடியும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தேன். ஆரஞ்சு ஒன்று, விதையே இல்லை. மதியம் அரைமணி உறக்கம். விசேஷம் ஒன்றுமில்லை."

கடைசி வரியைப் பென்சிலால் அடித்துவிட்டேன். மூன்றாவது குறிப்பு தவறு, அக்கா.

உன் தம்பி,
எண்பது வருடம், பதினொரு மாதம், நான்கு நாள்